குடையைப் பார்க்காமல் எழுதிய அரைப் பக்கம்

“ஒங்க வீட்டுல படிச்சதே நீதான மொதோ ஆளு? பி.எட். முடிச்சிட்டு ஒரு பள்ளிக்கூடத்துல சேந்துக்கோம்மா. கணக்குல ஆராய்ச்சிங்கிறது தலைமொறையா ஊறணும்.”

முனைவர் பட்ட நேர்காணலில், பின்னாளில் எனக்கு நெறியாளராக அமைந்தவர் சொன்னது இது. சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த துறைத்தலைவரைப் பார்த்துச் சிரித்தார். துறைத்தலைவரும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

“ஊறுறதுக்கு யாராவது மொதல்ல தண்ணிக்குள்ள எறங்கணும்லா சார்? நான் எறங்குதேன்” என்றேன்.

இடம் கிடைத்தது. நுழைவுத் தேர்வில் முதலாவதாக வந்தவளை வெளியே அனுப்பினால் அதற்குக் காரணம் எழுத வேண்டியிருக்கும். சொந்தமாக ஒரு பத்தி எழுதுவதென்றால் அந்த அறையில் எல்லோருக்குமே அலுப்பு.

இந்த மாதிரி அனுபவக் குறிப்புகளை ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவார்கள். பிரிவு விழாவில் போர்த்திய சால்வையின் மடிப்புக் கலையாமல், துறை தனக்கு என்னவெல்லாம் கொடுத்தது என்று உருகி எழுதுவார்கள். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சால்வையும் யாரும் போர்த்தவில்லை. ஆனால் அந்தத் துறையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்தவர்களுக்குத்தான் வாய் திறக்கும். இந்த ஆண்டு அங்கே ஆய்வாளர்களாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். வரவேற்பு விழாவில் இதைச் சொல்லமாட்டார்கள்.

அப்பா ஏரல் பக்கம் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களிடம் யாராவது குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், ஏதோ எனக்கு நோய் இருந்ததுபோல.

நெறியாளரை எனக்கு முதுகலையிலேயே தெரியும். எங்களுக்குப் பாடம் எடுத்தார் என்று மரியாதைக்குச் சொல்லலாம். தான் மாணவராக இருந்தபோது எழுதிய குறிப்பைக் கரும்பலகைக்கு மாற்றுவார். நாங்கள் கரும்பலகையிலிருந்து காகிதத்துக்கு மாற்றுவோம். தேர்வன்று மனப்பாடத்திலிருந்து விடைத்தாளுக்கு மாற்றுவோம். கணிதம் யார் தலைக்குள்ளும் நுழையாமலேயே இத்தனை இடம் பயணம் செய்வதை வேறு எங்கும் பார்க்க முடியாது.

ஒருநாள் ஒரு நிறுவலின் நடுவில் கழித்தல் குறி வரவேண்டிய இடத்தில் கூட்டல் குறி போட்டார். அதற்கு அடுத்த வரியே உடைந்து விழ வேண்டும். விழவில்லை. அடுத்த வரியை அவர் கணக்கிடவில்லை, பார்த்து எழுதினார். நான் கையைத் தூக்கினேன்.

“சார், அங்கன மைனஸ் வரணும்லா?”

பலகையைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

“நீ சொல்லுறது சரிதாம்மா. ஆனா பரீட்சைல பிளஸ்ஸுன்னே எழுதிரு. திருத்துறவங்க எல்லாரும் எங்கிட்டப் படிச்சவங்க.”

வகுப்பு சிரித்தது. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தேர்வில் நான் கழித்தல் குறி போட்டேன், மதிப்பெண் குறைத்தார்கள். அந்த மதிப்பெண்ணை நான் திரும்பக் கேட்கப் போகவில்லை. அவர்களே வைத்துக்கொள்ளட்டும், அவர்களுக்கும் ஏதாவது வேண்டுமே.

அப்படிப்பட்டவரிடம் ஏன் ஆய்வுக்குச் சேர்ந்தாய் என்று கேட்பீர்கள். காலியிடம் அவரிடம்தான் இருந்தது. உங்களில் பாதிப்பேருக்கும் காரணம் அதுதான். நடிக்காதீர்கள்.

இனி அவருடைய ஆராய்ச்சி. பயப்பட வேண்டாம், சமையலறையில் நிற்கிறவர்களுக்கும் புரியும். தாளில் சில புள்ளிகள் வையுங்கள். சில புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். இதற்குக் கோட்டுரு, அதாவது கிராஃப், என்று பெயர். திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, திருச்செந்தூர் என்று நான்கு புள்ளி வைத்துப் பேருந்துத் தடத்தைக் கோடாகப் போட்டால் அதுவும் கோட்டுருதான். உலகத்தில் பெரிய பெரிய மூளைகள் இதை வைத்துப் பெரிய காரியங்கள் செய்திருக்கின்றன. எங்கள் துறை இதை வைத்து முனைவர்களைச் செய்தது.

செய்முறை இது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒரே எண் இரண்டு புள்ளிக்கு வரக்கூடாது. ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் இரு முனை எண்களையும் கூட்டி எழுத வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை பகா எண்ணாக இருக்கக்கூடாது. இரண்டு கோடுகளில் ஒரே தொகை வரவும் கூடாது. இப்படி எண் கொடுக்க முடிந்தால் அந்தக் கோட்டுருவுக்கு ‘எண்ணிடல் உண்டு’ என்று பொருள். விதியை உருவாக்கியவர் என் நெறியாளர். அதற்குத் தன் ஊர்ப்பெயரையே சூட்டியிருந்தார். வேறு யாரும் சூட்டமாட்டார்கள் என்று தெரிந்திருக்கும்.

ஒரு வடிவத்துக்கு ஓர் அத்தியாயம். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு கட்டுரை. நாலு வடிவம் சேர்ந்தால் ஒரு முனைவர். சக்கரம், விசிறி, ஏணி, சீப்பு, பட்டாம்பூச்சி எல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குடை, இரட்டைக் குடை, தலைகீழ்க் குடை எல்லாம் எனக்கு மூத்த ஆய்வாளர் சகாய மேரிக்குப் போயிருந்தன. கோட்டுருவில் குடை என்றால் ஒரு புள்ளியிலிருந்து விரியும் கம்பிகள், கம்பி முனைகளைச் சேர்க்கும் விளிம்பு, கீழே ஒரு பிடி.

நான் சேர்ந்த அன்று நெறியாளர் நெடுநேரம் யோசித்தார்.

“கிழிஞ்ச குடைக்கு இன்னும் யாரும் பண்ணல. நீ அதப் பண்ணும்மா.”

கிழிந்த குடை என்றால் விளிம்பில் சில கோடுகள் இல்லாத குடை. வயல்வேலைக்குப் போய் ஒருத்தி, தார் சுமந்து ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து படிக்க வைத்த பெண், கிழிந்த குடைக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள்.

போடவும் செய்தேன். ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில் மின்சாரம் போய், மின்விசிறி நின்று, ஆய்வாளர் அறை அடுப்பாகிவிட்டது. எண்களைப் பொருத்திப் பொருத்தி அழித்து எனக்கு வெறுப்பாகிவிட்டது. சவத்தைச் சீக்கிரம் முடிப்போம் என்று முதல் புள்ளிக்கு 2 போட்டேன். அடுத்ததற்கு 4. அடுத்ததற்கு 8. பிறகு 16, 32. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல இரண்டு மடங்கு. இரண்டைக் கூட்டினால் எப்போதும் இரட்டைப்படை எண்தான் வரும். அதுவும் இரண்டைவிடப் பெரியது. எனவே பகா எண்ணாக வழியே இல்லை. இரட்டித்துக்கொண்டே போகிற எண்களில் எந்த இரண்டைக் கூட்டினாலும், வேறு எந்த இரண்டைக் கூட்டியும் அந்தத் தொகையைப் பெற முடியாது. வேலை முடிந்தது.

தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. இவ்வளவையும் செய்தபோது குடையை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கம்பி எத்தனை, கிழிசல் எங்கே, பிடி உண்டா, எதுவும் தேவைப்படவில்லை. அப்படியானால் இது சக்கரத்துக்கும் பொருந்தும். ஏணிக்கும் பொருந்தும். திருச்செந்தூர்ப் பேருந்துத் தடத்துக்கும் பொருந்தும். உலகத்தில் யார் எந்தக் கோட்டுருவை வரைந்தாலும் பொருந்தும். என் நெறியாளரின் எண்ணிடல் இல்லாத கோட்டுரு என்று ஒன்றே கிடையாது.

எழுதினால் அரைப் பக்கம் வந்தது. அந்த அரைப் பக்கத்துக்குள் துறையின் அத்தனை முனைவர்களும் நிற்க இடம் இருந்தது.

அவர் அறைக்குக் கொண்டுபோனேன். படித்தார். தேநீர் வந்தது, ஆறவிட்டு மறுபடி படித்தார்.

“எல்லாத்துக்கும்னா?”

“எல்லாத்துக்கும் சார்.”

“குடைக்கும்?”

“குடைக்கும்.”

“நாம இன்னும் பேரே வைக்காத கிராஃபுக்கும்?”

“பேரு வச்சாலும் வைக்காட்டாலும் உண்டு சார்.”

அவர் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினேன். தன் விதியைப் பற்றி இவ்வளவு பெரிய உண்மை ஒன்று கிடைத்திருக்கிறது, ஒரு கணிதக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க வேண்டாமா? அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

“ஏம்மா, இத வெளிய விட்டுட்டா அடுத்து வாற புள்ளைகளுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்?”

தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

“ஒரே நாள்ல குளத்துல உள்ள மீன எல்லாம் அள்ளிட்டா பொறவு தூண்டிலுக்கு வேல இருக்குமா? பைய போவோம். மொதல்ல கிழிஞ்ச குடைக்குப் போடு. பொறவு ரெட்டைக் கிழிசல். இத உள்ள வச்சிரு. அரைப் பக்கத்துக்கு எவன் பி.எச்டி. குடுப்பான்?”

கடைசிக் கேள்வி மட்டும் நியாயமானது. என் பட்டம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அரைப் பக்கத்தை மறைத்தால் நான் முனைவர். காட்டினால் ஆய்வேடே இல்லாத ஆய்வாளர். இதைத் தெரிந்துகொண்டுதான் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். கணிதம் தெரியாது, அவ்வளவுதான்.

சகாய மேரியிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. அவளுக்குப் பொது வாய்மொழித் தேர்வு நெருங்கியிருந்தது. அவள் கடற்கரைக்காரி, அப்பாவும் தம்பிகளும் நாட்டுப்படகில் போகிறவர்கள். பட்டம் கைக்கு வந்ததும் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரி ஒன்றில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நூலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்து அவளிடம் தாளைக் கொடுத்தேன். படித்து முடித்ததும் அவள் முதலில் சொன்னது:

“ஏட்டி பேச்சி, எங்கம்ம வேன் பிடிச்சிட்டா.”

“என்னக்கா?”

“சித்தி, மாமி, கோயில் உவதேசியாரு குடும்பம், எல்லாம் வாறாவ என் வைவாவப் பாக்க. பிரியாணிக்குச் சொல்லியாச்சி. இப்பப் போயி எல்லாக் குடைக்கும் உண்டுங்கியே!”

“நானா போயிச் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா எவராவது நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “எவம்ட்டி கேக்கப் போறான்? கேள்வியெல்லாம் நாந்தான எழுதிக் குடுத்திருக்கேன்!”

இது உங்களுக்கு வியப்பாக இருந்தால் நீங்கள் இன்னும் ஒரு வாய்மொழித் தேர்வைக்கூடப் பார்க்கவில்லை. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து ஆய்வாளரைக் கேள்வி கேட்கலாம் என்பது அதன் நோக்கம். எங்கள் துறையில் கேட்க வேண்டிய கேள்விகளை ஆய்வாளரே துண்டுத்தாளில் எழுதி, வரிசை எண் போட்டு, முதுகலை மாணவர்களிடம் முந்தின நாள் கொடுத்துவிடுவார். அவர்கள் எழுந்து கேட்பார்கள். ஆய்வாளர் ஒரு கணம் சிந்திப்பதுபோல மேலே பார்ப்பார். பிறகு ஒப்பிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். பள்ளி ஆண்டுவிழாவில் மாறுவேடப் போட்டிக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் பதற்றம் இருக்கும்.

தேர்வன்று கருத்தரங்கக்கூடத்தின் முன்வரிசையில் கடற்கரைப் பெண்கள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார்கள். புறத்தேர்வாளர் வெளியூர்க்காரர். அவருக்காகப் பத்தமடைப் பாய் ஒன்று சுருட்டி, ஓர் அல்வாப் பொட்டலத்தோடு மேசை ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்வதுபோல அதில் அவர் பெயரை நெய்து வாங்கியிருந்தார் நெறியாளர். பெயர் நெய்த பாயை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. வெளியே பிரியாணி இறங்கிவிட்டது. அந்தக் கூடத்தில் இனி முடிவு செய்ய எதுவும் மிச்சமில்லை.

மேரி குடைகளை விளக்கினாள். கேள்விகள் தொடங்கின. முதல் துண்டு சரியாகப் போனது. இரண்டாம் துண்டு வைத்திருந்த பையன் தொலைபேசி வந்து வெளியே போய்விட்டான். ஒரு பெண் எழுந்து மூன்றாவதைக் கேட்டாள்.

“இதன் நடைமுறைப் பயன்பாடு என்ன?”

மேரி மேலே பார்த்தாள். பிறகு இரண்டாவது கேள்விக்கான விடையைச் சொன்னாள். “இரட்டைக் குடையில் பிடிகள் இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டியதில்லை.”

கைதட்டினார்கள். நெறியாளரும் தட்டினார். கேட்ட பெண் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தட்டாதவர் புறத்தேர்வாளர் ஒருவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “எனக்கு ஒரே ஒரு சந்தேகம்” என்றார். “இந்த எண்ணிடல் இல்லாத கிராஃப் ஒண்ணு காட்டுங்களேன்.”

இதற்குத் துண்டுத்தாள் இல்லை.

மேரி நெறியாளரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “சார், சாப்பாட்டுக்கு நேரமாயிட்டு. வெளியூர்லருந்து வேற வந்திருக்கீங்க...”

“அந்தப் பிள்ளை பதில் சொல்லட்டும் சார்.”

நான் பின்வரிசையில் இருந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை. ஆனால் பொதுத் தேர்வு என்றால் அந்தக் கேள்வி கூடத்துக்கே உரியது. தெரியாது என்று அவள் சொன்னால் நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் என்ன நடக்கும் என்பது முன்வரிசைச் சேலைகளைப் பார்த்தாலே தெரிந்தது. என் கை நாற்காலிக் கைப்பிடிக்குப் போனது. மேரி என்னைப் பார்த்தாள்.

“அப்படி ஒண்ணு கெடையாது சார்” என்றாள். “எல்லாத்துக்கும் உண்டு. அத நிரூபிச்சது நான் இல்ல. அந்தா கடைசியில இருக்கா, எங்க பேச்சியம்மாள். ஏட்டி, வந்து எழுது.”

நடந்து போனேன். சுண்ணக்கட்டியை எடுத்து 2, 4, 8, 16 என்று எழுதிக் காரணத்தை நாலு வரியில் சொன்னேன். புறத்தேர்வாளர் பலகையைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார், சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. நெறியாளர் அல்வாப் பொட்டலத்தின் நூலைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அப்படின்னா, இந்தம்மா, உங்க நாலு அத்தியாயம் எதுக்கு?”

கேள்வி மேரிக்கு. முன்வரிசையில் அவளுடைய அம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறதென்று அவருக்கு விளங்கவில்லை. ஏதோ நடக்கிறதென்று விளங்கியது. மேரி பலகைக்கு அருகில் வந்து என் எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மேலே பார்க்கவில்லை. அந்தத் துறையில் ஒருவர் உண்மையாகவே யோசிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“சார்... இவ எண்ணு ஒவ்வொரு புள்ளிக்கும் ரெண்டு மடங்கால்லா போகுது? நூறு கம்பி உள்ள குடைக்கு இப்படி எழுதணும்னா இந்தப் போர்டு பத்தாது. எங் குடைல எண்ணு சின்னது. நூறு கம்பின்னாலும் போர்டுல அடங்கும்.”

“எவ்வளவு சின்னது? அதைவிடச் சின்னதாப் போட முடியுமா?”

“அது தெரியாது சார்.”

“ரொம்ப நல்ல பதில்” என்றார். கையெழுத்துப் போட்டார்.

பாயும் பிரியாணியும் இருந்ததால் போட்டாரா, அந்தப் பதிலுக்காகப் போட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டாவது காரணத்துக்கு இடம் இருந்த ஒரே தேர்வு அதுதான் என்பது மட்டும் தெரியும்.

கை கழுவுகிற இடத்தில் மேரியைப் பிடித்தேன். “ஏங்க்கா என் பேரச் சொன்ன?”

“தெரியாதுன்னு நான் சொல்லியிருந்தா நீ எந்திரிச்சிருப்ப. ஒம் மூஞ்சியப் பாத்தேம்லா! நீயா எந்திரிச்சா நான் செத்தேன். நானே கூப்பிட்டா பெருந்தன்ம ஆயிரும்.” கையை உதறினாள். “போயிச் சாப்பிடுளா. ஒனக்குத்தான் மொதல்ல வைக்கச் சொல்லியிருக்கேன்.”

நெருக்கடியில் முடிவெடுப்பதைப் பற்றிப் பயிலரங்கம் நடத்துவார்கள். சான்றிதழும் உணவும் தருவார்கள், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முடிவெடுப்பதை நான் கற்றது அந்தக் கைகழுவும் தொட்டி அருகில்தான். தப்பிக்க வழியில்லாத இடத்தில் உண்மையை அடுத்தவர் சொல்லும்வரை விடாமல் அவளே சொன்னாள். சொன்ன பிறகு தன் வேலையில் எது உண்மையிலேயே மிஞ்சுகிறது என்று தேடினாள். ஒன்று மிஞ்சியது. அத்தனை ஆண்டும் நெறியாளர் அதை அவளிடம் கேட்கவே இல்லை.

மறுவாரம் நெறியாளர் என்னை அழைத்தார். குரலில் புதிதாக ஒரு பாசம்.

“வெளிய தெரிஞ்சிட்டு. இனி மறைச்சிப் பிரயோசனம் இல்ல. கட்டுரையா அனுப்பிருவோம். எம் பேரு மொதல்ல, அடுத்து துறைத்தலைவர் பேரு, கடைசில ஒம் பேரு.”

“துறைத்தலைவர் எதுக்கு சார்?”

“ஒரு மரியாதைக்கு.”

“அப்ப நீங்க?”

அவர் பேனாவை மூடினார். “விதி என்னுதும்மா.”

“விதிய உங்க பேர்ல சொல்லி எழுதுதேன் சார். நிறுவல் என்னுது. அதுல எம் பேரு மட்டுந்தான் இருக்கும்.”

“பேச்சியம்மாள்னு தனியாப் போட்டா நல்ல ஜர்னல்ல எடுப்பானா? யோசிச்சிப் பாரு.”

“அது எங்க அப்பாவப் பெத்தவ பேரு சார். அத மாத்துறதுக்கு வேற ஆளப் பாருங்க.”

“அப்போ ஒன் முன்னேற்ற அறிக்கைக் கையெழுத்துக்கும் வேற ஆளப் பாத்துக்கோ.”

கையெழுத்து இல்லையென்றால் பதிவு நிற்கும். பதிவு நின்றால் அதுவரை இருந்த ஆண்டுகள் எல்லாம் போகும். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா கேட்டாள்: “அப்போ டாக்டர் பட்டம் இப்ப வராதா? மேலத்தெருக்காரி வேற கேட்டுக்கிட்டே இருக்கா.” வராது என்றேன். “சரி, வரும்போது வரட்டும். அவளுக்கு என்ன, அவ மவன் பத்தாப்புல மூணு பாடத்துல போயிட்டான்” என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறினாள். அப்பா அன்றைக்கு லோடு ஏற்றிவிட்டு வந்து தூங்கிவிட்டார். காலையில் எழுந்ததும் பேருந்து நிறுத்தம்வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

துறையில் எல்லோரும் அறிவுரை சொன்னார்கள். பணிந்து போ என்றார்கள். ஒருவர், பெயர் வரிசையில் என்ன இருக்கிறது என்றார். தன் கட்டுரைகளில் அவர் பெயர் எப்போதுமே முதலில் இருக்கும். இன்னொருவர், அவ்வளவு எளிதான நிறுவலுக்கு இவ்வளவு கர்வமா என்றார். எளிதுதான். அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு எளிதானதை இத்தனை முனைவர்கள் ஏன் பார்க்கவில்லை என்று அவரிடம் கேட்டேன். அவர் ஏணியில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அந்த அமைதி என் வேலைக்கு மிகவும் உதவியது.

அரைப் பக்கத்தை என் பெயரில் மட்டும் அனுப்பினேன். சிறுகுறிப்பாக எடுத்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் என்றே அச்சாகியிருக்கிறது. இதழுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

இனி உங்கள் விஷயம். அந்த விதி செத்துப்போனதால் நெறியாளர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். விதியை மாற்றிவிட்டார். இப்போது கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்க வேண்டுமாம்: பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வருவது பகா எண்ணாக இருக்கக்கூடாது, எந்த இரண்டு கோட்டிலும் ஒன்றுபோல வரக்கூடாது. உங்களில் ஒருவருக்குச் சக்கரம் கொடுத்திருப்பதாகவும் இன்னொருவருக்கு விசிறி கொடுத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். மறுபடி முதலிலிருந்து.

உங்களுக்கு என்னிடமிருந்து ஒரு வரவேற்புப் பரிசு. 2-ஐ விட்டுவிட்டு 4-இலிருந்து தொடங்குங்கள். 4, 8, 16, 32. எந்த இரண்டைக் கழித்தாலும் நான்கால் வகுபடும் எண் வரும். அது பகா எண் ஆகாது. ஒன்றுபோல இன்னொன்றும் வராது. சக்கரத்தையும் விசிறியையும் பார்க்கவே வேண்டாம். உங்கள் ஆய்வேடுகள் முடிந்துவிட்டன. இனி மூன்று நான்கு ஆண்டுகள் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது உங்கள் பாடு. அவர் அறைக்குப் போய் இதைக் காட்டுங்கள். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறாரா, கவனியுங்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், மதுரையில் வேறொரு நெறியாளரிடம் பதிவு செய்துவிட்டேன். முதலாண்டு, முதலிலிருந்து. பழைய துறையில் என்னோடு சேர்ந்தவர்கள் முனைவர் ஆகிக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பொன்னாடைப் படங்கள் வருகின்றன. வாழ்த்து அனுப்புகிறேன். தலைப்பாக நான் எழுதிக் கொடுத்திருப்பது மேரி பலகைக்கு முன்னால் தெரியாது என்று சொன்ன அதே கேள்வி: எண்களை எவ்வளவு சிறியதாக வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியும்? இந்தக் கேள்வியில் வடிவத்தைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. கம்பி எத்தனை, கிழிசல் எங்கே, பிடி எவ்வளவு நீளம், எல்லாம் வேண்டும். மேரியின் ஆய்வேட்டை வாங்கி வந்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் இப்போது அந்தக் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். போன ஞாயிறு அழைத்தாள்.

“எப்பட்டி இருக்கு எங் குடை?”

“ஒரு எடத்துல நீ போட்டதவிடச் சின்ன எண்ணு போட்டுட்டேன்க்கா.”

“எங்கன?”

“பிடில.”

“சவம், பிடி எப்பவுமே எனக்குச் சரியா வராது” என்றாள்.

பிடிக்கு முடிந்துவிட்டது. கம்பிகளுக்கு இன்னும் முடியவில்லை. இன்றைக்குக் காலையில் நூறு கம்பிக் குடையை வரைந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். விடை எனக்குத் தெரியாது. யாரிடமும் துண்டுத்தாள் இல்லை.